கொக்கி மாட்ட ஓர் இடம்: பென்னாகரம் வட்டாரக் கட்டடத் தொழிலாளர்களின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஆண்டு எங்கள் உறுப்பினர் ஒருவர் இரண்டாவது மாடியின் வெளிச்சுவரைப் பூசிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தார். அவர் சேஃப்டி பெல்ட் அணிந்திருந்தார், அதன் கயிற்று நுனியிலுள்ள கொக்கியையும் மாட்டியிருந்தார். வேறு இடம் இல்லாததால், தாம் நின்றுகொண்டிருந்த சாரத்தின் சவுக்குக் கம்பிலேயே அதை மாட்டியிருந்தார். சாரம் சரிந்தது, கம்போடு சேர்ந்து அவரும் விழுந்தார். உயிர் பிழைத்துக்கொண்டார் என்றாலும், இடுப்பெலும்பு முறிந்தவர் இனிக் கொத்துக் கரண்டியோடு உயரத்தில் ஏற வாய்ப்பில்லை.

பெல்ட் இல்லாததால் நேர்ந்த விபத்து அல்ல இது. அதனால்தான், உயரத்தில் வேலை செய்வோருக்கான பாதுகாப்புக் கருவிகளைப் பொதுவில் வாங்கி வைக்க நாங்கள் திட்டமிட்டபோது, பெல்ட்டுக்குச் செலவிடும் அக்கறையைக் கொக்கி மாட்டும் இடத்துக்கும் செலவிட வேண்டும் என்று குழுவில் முடிவு செய்தோம்.

விழுகின்ற உடலைத் திடீரென நிறுத்தும்போது, உடல் எடையைப் போலப் பல மடங்கு இழுவிசை மாட்டிய இடத்தில் விழுகிறது. ஒரு தொழிலாளிக்கு ஏறக்குறைய 2,270 கிலோ இழுவையைத் தாங்கும் இடமே கொக்கி மாட்டத் தக்கது என்று அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. நேற்றுக் கட்டிய கைப்பிடிச் சுவரும், தண்ணீர்க் குழாயும், ஜன்னல் கம்பியும், சவுக்குச் சாரமும் அந்தக் கணக்கில் சேரவே மாட்டா. கான்கிரீட் இறுகிய தூணும் உத்தரமும்தான் நம்பத் தக்கவை; அவற்றைச் சுற்றிக் கட்டுவதற்கென்றே நைலான் போன்ற இழைகளில் நெய்த நங்கூரப் பட்டைகள் விற்கப்படுகின்றன. வேலை முடிந்ததும் கழற்றி அடுத்த கட்டடத்துக்கு எடுத்துச் செல்லலாம்.

இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பல மேஸ்திரிகளே இதைக் கேட்டு வியந்தார்கள். வழக்கமான பெல்ட் கயிற்றின் நீளம் சுமார் 1.8 மீட்டர். விழும் வேகத்தைத் தணிக்க அதிலுள்ள அதிர்ச்சி தாங்கி விரியும்போது மேலும் ஒரு மீட்டருக்கு மேல் நீளக்கூடும். அதோடு ஆளின் உயரத்தையும் சிறிது இடைவெளியையும் சேர்த்தால் கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஐந்தரை முதல் ஆறு மீட்டர் வெற்றிடம் தேவைப்படுகிறது. நம் ஊரில் ஒரு தளத்தின் உயரம் பத்தடி, அதாவது மூன்று மீட்டர். முதல் தளத்தில் நிற்பவர் கால்மட்டத்தில் கொக்கி மாட்டினால், கயிறு அவரைப் பிடித்து நிறுத்துவதற்கு முன் தரை வந்துவிடும். அதற்கு முக்கால் வினாடியே போதும். எனவே தலைக்கு மேலே மாட்ட வேண்டும், அல்லது விளிம்பை எட்டவே முடியாத அளவுக்குக் கயிற்றைக் குறுக்க வேண்டும். சிறிய வீடுகளில் இரண்டாவது வழியே எளிது. அதற்குத் தளத்தின் நடுவில் உறுதியான ஒரு புள்ளியும் நீளத்தை மாற்றக்கூடிய கயிறும் வேண்டும்.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை நாங்கள் வாங்கப் போவதில்லை. விழும்போது அது வயிற்றையும் முதுகெலும்பையும் நசுக்குகிறது. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும், ஐ.எஸ். 3521 என்னும் இந்தியத் தரநிலையின் முத்திரை பெற்ற முழு உடல் பட்டைகளையே வாங்குவோம். ஒரு முறை விழுதலைத் தாங்கிய பட்டையை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதாலும், வெயிலும் வெல்டிங் பொறியும் இழையைக் கெடுப்பதாலும், நிழலான அறையில் வைத்துப் பதிவேட்டில் எழுதி, சோதித்த பின்பே இரவல் கொடுப்போம். வாடகை கிடையாது.

கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-இல் வந்த மத்தியச் சட்டம் 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. எங்கள் பகுதி வீட்டு வேலைகளிலோ ஒரு கொத்தனார், இரண்டு சித்தாள்கள், ஒரு சென்ட்ரிங் ஆள், அவ்வளவுதான். பெங்களூருக்கும் ஓசூருக்கும் போகிறவர்களில் சிலருக்குப் பெரிய நிறுவனங்களில் பெல்ட் கிடைக்கிறது. திருவிழாவுக்கு ஊர் திரும்பி இங்கே நாலு நாள் வேலை செய்தால் அதுவும் இல்லை.

24 முழு உடல் பட்டைகள், 40 நங்கூரப் பட்டைகள், தானாகச் சுருளும் கயிறு கொண்ட 4 கருவிகள், தொங்கிக்கொண்டிருப்பவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்குவதற்கான மீட்புக் கயிறும் ஏணியும், ஒரு நாள் பயிற்சி ஆகியவற்றுக்கு 2,30,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறோம். உறுப்பினர்கள் ஒரு நாள் கூலியைக் கொடுத்து 58,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். மீதிக்குத்தான் உங்களை நாடுகிறோம். நூறு ரூபாயானாலும் ரசீது தரப்படும். வாங்கிய ஒவ்வொரு பொருளின் பில்லும் அறையின் சுவரில் ஒட்டப்படும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் பணத்தைவிட வேறொன்றைக் கேட்கிறோம். தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு எங்களுக்குத் தெரிவியுங்கள். உங்கள் பொறியாளர் குறித்துத் தரும் இடத்திலும் அளவிலும் கொக்கி மாட்டுவதற்கான எஃகு வளையங்களை நாங்களே கொண்டுவந்து கம்பிக் கூட்டோடு கட்டித் தருகிறோம். தொட்டி கழுவவும் வெள்ளையடிக்கவும் பின்னாளில் ஏறுகிறவருக்கும் அதே வளையம் உதவும்.