புயலுக்கு முன்னால் ஒரு தடவை வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கியவர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் வானொலி) முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மனசுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஆனால் படத்துக்குக் கீழே ‘எஃப்.எம். நிலையம் நடத்தும் மாணவர்கள்’ என்று அச்சாகியிருந்தது. அந்த வரியைப் படித்ததும் கஜா புயல் சமயத்தில் ஒரு அம்மா என்னிடம் சொன்ன வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் திருத்துறைப்பூண்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடை மாடியில் இருக்கும் சின்ன அறைதான் என் ஹாம் ரேடியோ நிலையம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி உரிமம் வாங்கியவன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையைக் கடந்தது. பொழுது விடிந்தபோது தெருவையே அடையாளம் தெரியவில்லை. மரமும் மின்கம்பமும் கம்பியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கரண்ட் போய்விட்டது, கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போய்விட்டது. என் ஆன்டெனா எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. கொல்லையில் இருந்த எட்டுத் தென்னையில் ஆறு சாய்ந்துவிட்டது. வேலியோரப் பனை மட்டும் அப்படியே நின்றது. கடையில் இருந்த காயில் கம்பியை எடுத்து, பக்கத்துக்குப் பத்து மீட்டர் வீதம் வெட்டி, முனைகளில் வார்னிஷைச் சுரண்டி, நடுவில் கேபிளை முறுக்கிக் கட்டினேன். ஒரு முனை பனையில், மறுமுனை மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயில். தம்பி ஒரு டிராக்டர் பேட்டரியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கூப்பிட்டேன். மூன்றாவது அழைப்புக்கு மதுரையிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார்.

அவரிடம் வேலை செய்யும் போன் இருந்தது. நான் இங்கிருந்து பெயரையும் நம்பரையும் படிக்கப் படிக்க, அவர் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போன் போட்டார். ‘அம்மா நல்லா இருக்காங்க, கூரைதான் போச்சு.’ ‘சர்க்கரை மாத்திரை தீரப்போவுது, வரும்போது வாங்கிட்டு வா.’ ‘மாடு செத்துப்போச்சு, மத்தபடி ஒண்ணுமில்ல.’ இப்படிச் சின்னச் சின்ன செய்திகள்தான். மூன்று நாளில் 41 செய்தி போனது. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் பெயர்கள் எல்லாம் எங்கள் தெருவும் அடுத்த தெருவும்தான்.

ஐந்தாம் நாள் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு அம்மா கடைக்கு வந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்து தகவலே வராமல் பயந்துபோய், கிடைத்த பஸ்ஸில் ஏறி, பஸ் நின்ற இடத்திலிருந்து விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்து, நாலாம் நாள் ராத்திரி வீடு வந்து சேர்ந்திருக்கிறான். காலெல்லாம் கிழிந்து கிடந்தது. ‘நீங்க மாடியில உக்காந்து மதுரைக்குப் பேசுனது எனக்கு எப்படித் தம்பி தெரியும்? அது பாட்டு கேக்குற ரேடியோன்னுல்ல நெனச்சேன்’ என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பதினைந்து வருஷமாக அந்த மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவன், இரண்டு தெரு தள்ளியிருக்கிறவருக்குக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஆகவே உங்கள் பட விளக்கத்தில் வந்த பிழையைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எஃப்.எம். என்றால் ஒருவர் பேசுவார், ஊர் கேட்கும். ஹாம் ரேடியோவில் இரண்டு பக்கமும் பேச்சு. பாட்டு போடக் கூடாது, விளம்பரம் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, யாருக்கும் புரியாத ரகசியச் சங்கேதம் வைத்துக்கொள்ளக் கூடாது. பேசும்போதெல்லாம் அரசு கொடுத்த அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் அது வி.யு. என்று தொடங்கும். நாங்கள் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மாடியில் கம்பி கட்டியவனைச் சந்தேகமாகப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் சொல்வது இதைத்தான்: ஒளித்துப் பேசுகிற ஆள் தன் அழைப்புக் குறியை நிமிஷத்துக்கு ஒருதரம் சொல்ல மாட்டான்.

செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மேற்கு வங்கத்தைப் பாருங்கள். கங்காசாகர் மேளா என்ற புனித நீராடல் விழாக் கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களை, வருஷக்கணக்காக வீட்டைவிட்டுப் பிரிந்து அலைகிறவர்களை, அங்குள்ள மேற்கு வங்க ரேடியோ கிளப்காரர்கள் பேச்சுக் கொடுத்து, ஊர்ப் பெயரைப் பிடித்து, நாடு முழுக்க இருக்கும் ஹாம்கள் (ஹாம் ரேடியோக்காரர்கள்) வழியாகக் குடும்பத்தைத் தேடிச் சேர்த்துவைக்கிறார்கள். பத்திரிகைகள் அதைத் திரும்பத் திரும்ப எழுதின. அதனால் ஆதரவில்லாமல் ஒருவரைக் கண்டால் யாரிடம் சொல்லலாம் என்பது அங்கே பலருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் இருப்பதும் அதே கருவி, அதே உரிமம். எங்களைப் பற்றி எழுத்துதான் வரவில்லை.

பத்திரிகையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. எங்கள் ஆட்களும் சரியாகப் பேசத் தெரியாதவர்கள். நான் முதன்முதலில் ஒரு நிருபருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் எத்தனை வாட், எந்த அலைவரிசை, ஆன்டெனா எத்தனை அடி உயரம் என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார், செய்தி வரவில்லை. இன்றைக்கு எழுதினால் ‘சர்க்கரை மாத்திரை வாங்கிட்டு வா’ என்பதில்தான் தொடங்குவேன். மற்ற ஹாம் நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன். பெட்டியைப் பற்றிச் சொல்லாதீர்கள், அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். டைபோல், ரிப்பீட்டர், கியூ.எஸ்.எல். எல்லாம் நம் வீட்டுப் பேச்சு. வந்தவருக்கு ஆசை பிறந்த பிறகு அவரே கேட்பார்.

அப்புறம், பேரிடர் வந்தால் மட்டும் எங்களைத் தேடும் பழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு அரசுப் பள்ளி மொட்டை மாடியில், சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் போகும்போது அதன் சிக்னலைப் பிடித்தோம். அது 145.8 மெகாஹெர்ட்ஸில் வரும். அவ்வப்போது அங்கிருந்து படங்களையும் ஒலியாக மாற்றி அனுப்புவார்கள். ஆன்டெனா செய்ய பி.வி.சி. குழாயும் ஒரு பழைய அளக்கும் டேப்பும் போதும். டேப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் குழாயில் வரிசையாகப் பூட்டினோம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கையில் பிடித்து வானத்தில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனாள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு பூச்சி கத்துவது மாதிரி ஒரு சத்தம். போன் திரையில் மேலிருந்து கீழே வரி வரியாக ஒரு படம் இறங்க ஆரம்பித்தது. ஒரு படம் முழுசாக இறங்க இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷமும் பிள்ளைகள் ஒருவர்கூட மூச்சுவிடவில்லை. கடைசி வரி விழுந்ததும் மாடியே அதிர்ந்தது. 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்த படத்தை டேப் துண்டால் பிடித்திருக்கிறார்கள்!

அன்றைக்கு ஒரு நிருபரை அழைத்திருந்தேன். ‘வெள்ளம் கிள்ளம் வந்தா சொல்லுங்க சார், அப்ப பெருசா போடலாம்’ என்றார். அவர் மேல் வருத்தமில்லை, அவருக்கு அன்றைக்கு நாலு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் வெள்ளத்தன்று பேசுகிற கை, அந்த மாடியில் பழகிய கைதான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோக்காரர் தன் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போனது மீட்பு வேலைக்காக இல்லை. அந்தமானில் பல வருஷமாக ஹாம் ஒலிபரப்புக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. விடாமல் முயன்று அனுமதி வாங்கி, உலகம் முழுக்க இருக்கும் ஹாம்களோடு பேசப் போனார். 26ஆம் தேதி காலையில் நிலம் நடுங்கி, சுனாமி வந்து, தீவுகளின் தொடர்பு அறுந்தபோது அந்த நிலையம்தான் செய்தி சுமந்தது. பொழுதுபோக்காகப் பேசப் போனவர்களிடம் ஆன்டெனாவும் இருந்தது, பழக்கமும் இருந்தது.

வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது பணக்காரர்களின் விளையாட்டு என்ற நினைப்பு இருக்கிறது. ராஜீவ் காந்தி ஹாம் உரிமம் வைத்திருந்தார் என்ற ஒரு வரி எல்லாக் கட்டுரையிலும் வருவதும் ஒரு காரணமாக இருக்கலாம். 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம். அடிப்படை எலக்ட்ரானிக்ஸ், வானொலி விதிகள், அவ்வளவுதான் பாடம். முதல் படி உரிமத்துக்கு, புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காயில் கட்டுகிறவன், வயரிங் பார்க்கிறவர், ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் பாதிப் பாடம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2025இல் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளோடு ஹாம் ரேடியோவில் பேசினார். டெல்டாவில் ஒரு பள்ளியிலாவது அப்படியொரு நிலையம் வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஏப்ரல் 18 உலக அமெச்சூர் வானொலி தினம், அதாவது ஹாம் ரேடியோவின் நாள். சர்வதேச ஹாம் ஒன்றியம் 1925இல் பாரிசில் அதே நாளில் தொடங்கியது. அன்றைக்கு ஒரு துணுக்கு போடுவீர்கள், நன்றி. ஆனால் ஏப்ரலில் போட்டால் ஐப்பசியில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்கள் பக்கத்துக்குச் சரியான மாதம் செப்டம்பர். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், கடற்கரை மாவட்டங்களில் எந்தெந்த ஊரில் ஹாம் நிலையம் இருக்கிறது, போன் செத்துப்போனால் யாரைத் தேடிப் போகலாம் என்று ஒரு பக்கம் போடுங்கள். வீட்டு முகவரியை அச்சிடச் சம்மதிக்காதவர்கள் இருப்பார்கள், ஊர்ப் பெயரும் கடைத்தெருவும் போதும். அந்தப் பட்டியலைச் சேர்க்க நான் உதவுகிறேன். வெள்ளத்தடுப்பு ஏற்பாடு பற்றி ஆட்சியர் அலுவலகக் கூட்டம் நடக்கும்போது, ஹாம்களைக் கூப்பிட்டீர்களா என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்டாலும் போதும்.

அதற்கு முன் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் கடைக்கு வரட்டும். அந்த நேரத்தில் மதுரை, சேலம், பாண்டிச்சேரி என்று நண்பர்கள் வரிசையாக வருவார்கள். கஜா சமயத்தில் 41 செய்தி எழுதிக்கொண்டவரும் வருவார், அவரோடு நேராகப் பேசலாம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்த அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைக்கிறேன். கடையைக் கண்டுபிடிப்பது சுலபம், பனைமரத்திலிருந்து மாடிக்கு ஒரு செம்புக்கம்பி போகும்.

இப்படிக்கு,
காயில் கட்டும் கடைக்கார வாசகர்,
திருத்துறைப்பூண்டி.