காஜா இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம்: ஒரு நன்றி மடல்

அம்மா முந்தாநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து காபி கேட்டார். அந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. கண் விழித்த அன்று அம்மா முதலில் கேட்டது, "அப்பா போட்டோ எந்த ஊர்னு தெரிஞ்சுதா?" என்றுதான். அம்மாவின் அப்பா, என் தாத்தா, நிற்கும் பழைய படம் எந்த ஊரில் எடுத்தது என்று தேட உதவிய உங்களால்தான் அவருக்குப் பதில் சொல்ல முடிந்தது.

முதல் நன்றி கிருஷ்ணகிரி பழையபேட்டை டெய்லர் அண்ணனுக்கு.

இளைத்துப்போன அம்மாவின் ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். பையிலிருந்து துணியோடு தாத்தாவின் படமும் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஆறு வயதில் இறந்துபோனவர் தாத்தா. அவருக்கு இருப்பது இந்த ஒரே படம். பட்டாளத்துச் சட்டை, பின்னால் மாடி வீடுகள், இடப்பக்கம் கடல், ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு வட்டச் சுவர். இரண்டாம் உலகப்போரில் இத்தாலிப் பக்கம் போனவர்களுக்குக் கொடுத்த இத்தாலி ஸ்டார் மெடல் வீட்டில் இருப்பதால் நேப்பிள்ஸ், பாரி, டாரண்டோ என்று மூன்று மாதமாக இத்தாலியின் துறைமுகங்களையே சுற்றிக்கொண்டிருந்தோம். கிரேக்கத்தின் தெசலோனிக்கியையும் ஒரு தடவை பார்த்தோம். கடல் இருக்கும் பக்கம் ஒத்துவரவில்லை என்று தள்ளிவிட்டோம்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வீடு, கடல் எதையும் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார்.

"ஏம்மா, ஆம்பளைச் சட்டைக்கு காஜா இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம் வரும். இதுல மாறியிருக்கே. பட்டாளத்துல இப்படித் தைக்க மாட்டாங்க. படத்தைத்தான் திருப்பிப் பிரிண்ட் போட்டிருக்காங்க."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. நெகட்டிவை மாற்றிப் போட்டுப் பிரிண்ட் எடுத்தால் இடம் வலமாகும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்து வயதில் காஜா பையனாக வேலைக்கு வந்தவருக்குத் தோன்றியது. ரவிக்கைக்கு அளவு குறித்துக்கொண்டே சொன்னார். காசு கொடுத்தபோது, "அம்மா நல்லா வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அன்றிரவே படத்தைத் திருப்பிப் பார்த்தோம். கடல் வலப்பக்கம் வந்தது, நிழலும் சரியான பக்கம் விழுந்தது. ஓரத்தில் இருந்த வட்டச் சுவர் தெசலோனிக்கியின் வெள்ளைக் கோபுரம். தாத்தா நின்றது கடலோரத்து நிகிஸ் சாலையில். கிரேக்கத்தில் 'நிகி' என்றால் வெற்றி.

மற்றவர்களையும் மறக்கவில்லை. தாத்தாவின் டிஸ்சார்ஜ் தாளைப் படித்து, பட்டாளத்தின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸின் 12ஆவது ஃபீல்டு கம்பெனி என்று சொல்லி, அவர்கள் இருந்த 4ஆவது இந்திய டிவிஷன் 1944 கடைசியில் இத்தாலியிலிருந்து கிரேக்கத்துக்குப் போனதை விளக்கிய ஓசூர் ஹவில்தார் ஐயா, கிழிந்த ஓரத்தைப் பொறுமையாக ஸ்கேன் செய்த காவேரிப்பட்டணம் ஸ்டூடியோ தம்பி, ராத்திரியெல்லாம் தெருப்படங்களை ஒப்பிட்ட தர்மபுரி கல்லூரிப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி.

தெசலோனிக்கியிலேயே இருக்கும் ஆசிரியை ஒருவர், விடிகாலையில் போய்த் தாத்தா நின்ற அதே இடத்திலிருந்து படம் எடுத்து அனுப்பினார். பழைய வீடுகள் போய் இப்போது வரிசையாக அடுக்குமாடிகள். கோபுரமும் கடலும் அப்படியே இருக்கின்றன. கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தார். தாத்தா போவதற்கு முந்தைய வருடம், 1943இல், அந்த ஊர் யூதர்கள் 40,000 பேருக்கு மேல் ரயிலேற்றப்பட்டு நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். தாத்தாவுக்குப் பின்னால் மூடிய ஜன்னல்கள் தெரிகின்றன. இத்தனை நாள் நான் அவற்றை எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன், மாடிக்கு எத்தனை, கைப்பிடி எப்படி என்று. அந்த வீடுகளில் யார் இருந்தார்கள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இனி எந்தப் பழைய படத்தையும் அப்படிப் பார்க்க மாட்டேன். நம் பக்கத்து வீடுகளில் இப்படிப்பட்ட பட்டாளத்துப் படங்கள் இன்னும் எத்தனையோ இருக்கும். யார் கொண்டுவந்தாலும் கூட உட்கார்ந்து தேடித் தருவேன், இது சத்தியம்.

அம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "அப்பாவுக்கு வெயில் கண்ல அடிச்சிருக்கு" என்றார். வேறெதுவும் பேசவில்லை.

அண்ணா, ரவிக்கை வாங்க வரும்போது தானும் கூட வருவேன் என்கிறார் அம்மா. உங்கள் கடைக்கு மூன்று படிதான், கையைப் பிடித்து ஏற்றிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறோம். கடையைச் சாத்திவிடாதீர்கள்.