பழவேற்காட்டுக் குப்பத்தாருக்கு ஒரு நன்றி மடல்

பழவேற்காட்டுப் பாலத்துக்கு அப்பால், கலங்கரை விளக்கத்தை ஒட்டி வாழும் பெரியோர்க்கும் தாய்மார்க்கும் தம்பிமார்க்கும், ஆரம்பாக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன் வணக்கத்துடன் எழுதுவது.

மாசி அமாவாசையன்று இரவு உங்களிடம் சொல்லாமல் விட்ட நன்றியை இந்த மடலில் சொல்கிறேன். அன்று என் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தமையால் பேச்சு ஒழுங்காக வரவில்லை.

அன்று பிற்பகல் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கத்தான் வந்தேன். அவர்கள் 1613-இல் எழுப்பிய கெல்திரியா கோட்டை மண்மேடும் முட்புதருமாகக் கிடக்க, தோட்டத்து வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் மட்டும் இன்னும் காவல் நிற்கின்றன. அவற்றைப் பார்த்தவன் நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், பாலத்தடித் தேநீர்க் கடையில் குடையை வைத்துவிட்டுக் கிளம்பினேன். முதல் நன்றி அந்தக் கடைக்கார அம்மாவுக்கு. "இருட்டறதுக்குள்ள திரும்பிடுங்க சார், இன்னைக்கு அமாவாசை" என்று அவர் சொன்னபோது, அதைப் பேய்க்கணக்காக எடுத்துக்கொண்டு உள்ளூரச் சிரித்தேன். அவர் சொன்னது கடல்கணக்கு என்பது மூன்று மணி நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

வழியில் மணலை அறுத்துக்கொண்டு ஓடிய ஓர் ஓடையைக் கணுக்கால் நனையக் கடந்து வடக்கே நடந்தேன். இடப்புறம் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேடுகள், வலப்புறம் கடல். குடிசையோ படகோ காலடித் தடமோ எதுவும் இல்லை. உங்கள் கரையில் கதிரவன் முதுகுப்புறம் ஏரியில் இறங்குவதால் பொழுது சாய்வதை நான் கவனிக்கவில்லை. கடலுக்கு மேலே கருநீலப் பட்டை ஒன்று மெல்ல எழுந்து வானத்தை மூடத் தொடங்கிய பிறகுதான் நின்றேன். அது பூமியின் நிழல்தான் என்று எங்கோ படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரத்தில் துணைக்கு வரவில்லை. கடற்கரைத் திணையான நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் வேளை, உரிப்பொருள் இரங்கல் என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். ஆனால் அந்தப் பாடல்களில் இரங்கும் தலைவிக்குப் பக்கத்தில் ஒரு தோழியாவது இருப்பாள்.

திரும்பி நடந்தபோது இருள் முழுவதும் இறங்கிவிட்டது. ஈரமும் தடிப்புமாக ஏதோ ஒன்று காலில் தட்ட, குனிந்து தொட்டேன். ஓடும் கழுத்தும் கைக்குத் தட்டுப்பட்டன, செத்த ஆமை. எழுந்து நான்கடி வைப்பதற்குள், தலையளவு உருண்டை ஒன்று மணலில் தத்தித் தத்தி என்னைக் கடந்து ஓடியது, அதன் பின்னால் இன்னொன்று. நான் நின்றால் அவையும் நின்றன. காற்று எழுந்தால் மீண்டும் ஓடின. அப்போதுதான் மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து, யாரோ யாரையோ விடாமல் அதட்டுவது போன்ற அலறல் கிளம்பி, நான் நகர நகர என் தலைக்கு மேலேயே வந்தது. அந்த நிலையில் ஓடையருகே வந்து சேர்ந்தபோது, மாலையில் கணுக்காலளவு இருந்த நீர் இடுப்பைத் தொட்டு இழுத்தது. பின்வாங்கி மணலில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

எதிர்க்கரையில் டார்ச்சு வெளிச்சத்தோடு வந்த தம்பிமார் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது? "யாரு அங்க? ஆளா?" என்று நீங்கள் கூவியதற்கு நான் பெயரைச் சொல்லாமல், "ரிட்டயர்டு தமிழாசிரியர்" என்று பதில் சொன்னேனாம். அதைச் சொல்லி நீங்கள் இன்னும் எத்தனை நாள் சிரித்தாலும் எனக்குச் சம்மதமே. குடையை எடுக்க ஆள் வரவில்லை என்று கடைக்கார அம்மா சொல்லி அனுப்பியதும், எந்தப் பக்கம் தேடுவது என்று நீங்கள் நின்று காது கொடுத்ததும், "ஆட்காட்டி கத்துதுல்ல, அங்கதான் ஆள் இருக்கு" என்று நடந்ததும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன. என்னைக் கலங்கடித்த அந்த அலறல்தான் நான் இருக்கும் இடத்தை உங்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறது. பெயரிலேயே தொழிலை வைத்திருக்கும் பறவையை, பெயரைப் பாடம் சொன்னவன் அறிந்துகொள்ளவில்லை. ஓடை குறுகிய இடத்தில் நான் இறங்கப் போக, "அங்க வேணாம் சார், அகலமா இருக்கற எடத்துலதான் ஆழம் கம்மி" என்று கையைப் பிடித்து மேலே அழைத்துச் சென்று, தொடையளவு நீரில் கடத்தி விட்டீர்கள். அமாவாசைக்கு இரவு எட்டு மணியளவில் கடல் ஏற்றம் நிறையும் என்பதையும் நடந்துகொண்டே சொல்லித் தந்தீர்கள்.

உலர்ந்த லுங்கி கொடுத்து, சுடுசோறும் இறால் தொக்கும் போட்ட ஆயாவுக்கு என் வணக்கம். ஏன் போனாய், எதற்குப் போனாய் என்று நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. என் மகள் மறுநாள் கேட்டதை நினைத்தால் அதன் அருமை தெரிகிறது. உருண்டு ஓடியவை இராவணன் மீசையின் காய்ந்த விதைக்கொத்துகள் என்றீர்கள். ஆமையைச் சொன்னதும் உங்கள் முகம் வாடியது. "பங்குனி ஆமை கண்ணு, முட்டையிட வந்திருக்கும். வலையில மாட்டினா மூச்சு முட்டிப் போயிடும்" என்றீர்கள். நீருக்கு மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய உயிர் அது என்பது அதுவரை என் நினைவில் எழவில்லை. என் பயத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது.

பொன்னேரி ரயில் நிலையம்வரை கொண்டுவிட்ட ஆட்டோக்காரத் தம்பி, கூடுதல் காசு வாங்க மறுத்ததோடு, கூடூர்ப் பக்கம் போகும் வண்டி வரும்வரை நடைமேடையிலேயே நின்றார். வீட்டுக்குப் போன் செய்து, "மாஸ்டருகாரு" என்று தொடங்கித் தெலுங்கில் என் கதையை அவர் சொன்னது எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். எங்கள் ஊர் எல்லையில் இருக்கிறது, தம்பி. எல்லாம் புரிந்தது, நானும் சிரித்தேன்.

கடைசியாக ஒன்று. தம்பிமாரின் டார்ச்சு விளக்கு எப்படியோ என் பையில் வந்துவிட்டது. ஆயாவின் லுங்கியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் இரண்டையும் எடுத்து வருகிறேன். குடை கடையிலேயே இருக்கட்டும். அன்று குடித்த தேநீருக்கும் நான் இன்னும் காசு கொடுக்கவில்லை.