இலவச மென்பொருள் சரி, பராமரிப்புக்கு யார் பணம் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், இலவச மென்பொருளை வைத்தே இணையதள வடிவமைப்பைச் சுயதொழிலாகத் தொடங்கிவிடலாம் என்று சுயதொழில் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறோம். உண்மைதான். தளம் கட்ட வேர்ட்பிரஸ், படம் திருத்த ஜிம்ப், லோகோ வரைய இங்க்ஸ்கேப், ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ், கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்க கிட் ஆகியவை கையில் இருந்தால் உரிமக் கட்டணமே கட்டாமல் தொழிலை நடத்தலாம். ஆனால் தளத்தை ஒப்படைத்த பிறகு வருகிற வேலையைப் பற்றி அந்தக் கட்டுரைகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. தனி ஆளாகத் தொழில் செய்பவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது அங்கேதான்.

வேர்ட்பிரஸுக்கும் அதில் சேர்க்கும் கூடுதல் வசதிகளான பிளகின்களுக்கும் ஆண்டு முழுவதும் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். வடிவமைப்புக்கு மட்டும் ஒரு தொகை பேசி வாங்கியவர், அதன் பிறகு செய்வதெல்லாம் கூலியில்லாத வேலை. செய்யாமல் விட்டாலோ, பழைய பிளகினில் உள்ள ஓட்டை வழியாகத் தளத்துக்குள் யாராவது புகுந்துவிடுவார்கள். பழி வடிவமைப்பாளர் தலையில் விழும். அதனால் மதிப்பீட்டுத் தாளிலேயே பராமரிப்பைத் தனி வரியாகப் போடுங்கள். மாதம் எத்தனை முறை அப்டேட், எத்தனை மணி நேரம் சிறு திருத்தம், பேக்கப் (மாற்று நகல்) எங்கே இருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேக்கப் விஷயத்தில்தான் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். வேர்ட்பிரஸ் தளம் இரண்டு பாகம்: கோப்புகள் ஒன்று, டேட்டாபேஸ் (தகவல் தொகுப்பு) இன்னொன்று. படங்களும், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமும் கோப்பில் இருக்கும். கட்டுரைகள், அமைப்புகள், ஆர்டர்கள் எல்லாம் டேட்டாபேஸில். ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால் தளம் திரும்பி வராது. எடுத்ததைத் தளம் இருக்கும் அதே சர்வரில் வைத்திருந்தால், சர்வர் போகும்போது அதுவும் சேர்ந்தே போய்விடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. வேர்ட்பிரஸின் உள் நேர அட்டவணை, யாராவது தளத்தைத் திறந்து பார்க்கும்போதுதான் ஓடும். ஆள் வராத சிறிய தளத்தில், இரவு இரண்டு மணிக்கு என்று குறித்து வைத்த பேக்கப் அந்த நேரத்தில் நடக்காது. அந்த வசதியை அணைத்துவிட்டு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சர்வரின் கிரான் மூலம் அந்த அட்டவணை 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி அமைத்தால் சிக்கல் தீரும். எடுத்த பேக்கப்பை ஒரு சோதனைத் தளத்தில் ஏற்றி, அது திறக்கிறதா என்று பார்க்கும் வரை அதை நம்ப வேண்டாம். அப்டேட்டையும் அந்தச் சோதனைத் தளத்தில் முதலில் போட்டுப் பாருங்கள். பிளகின்களை ஒவ்வொன்றாக ஏற்றினால்தான் எது தளத்தைக் கெடுத்தது என்று தெரியும். தீம் கோப்பில் நேரடியாகக் கைவைத்திருந்தால் அடுத்த அப்டேட்டில் அத்தனையும் அழிந்துவிடும். மாற்றங்களை, மூல தீமைத் தொடாமல் அதன் மேல் அமையும் சைல்ட் தீமில் செய்ய வேண்டும்.

தற்காலிக முகவரியில் கட்டிய தளத்தை உண்மையான டொமைனுக்கு (நிலையான இணைய முகவரிக்கு) மாற்றும் நாளும் ஆபத்தானது. டேட்டாபேஸ் கோப்பை எடிட்டரில் திறந்து பழைய முகவரிக்குப் பதில் புதியதைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைச் சேமிக்கும்போது, ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அதன் நீளத்தையும் எண்ணாக எழுதி வைக்கிறது. முகவரியின் நீளம் மாறி அந்த எண் மாறாவிட்டால், அந்த அமைப்பையே படிக்க முடியாமல் போகும். பக்கத்தில் வைக்கும் சிறு பெட்டிகளான விட்ஜெட்டுகளும் தீம் அமைப்புகளும் மாயமாகிவிடும். டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைவரிக் கருவியின் தேடி மாற்றும் கட்டளை அந்த எண்ணையும் சேர்த்துத் திருத்தும். முதலில், எதையும் மாற்றாத ஒத்திகையான ட்ரை ரன் போட்டு எத்தனை இடம் மாறப்போகிறது என்று பார்த்துவிட்டுச் செய்யலாம்.

தொடர்புப் படிவத்திலிருந்து மின்னஞ்சலே வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அனுப்புநர் இடத்தில் பார்வையாளரின் முகவரியைப் போட்டிருப்பார்கள். அந்த முகவரியில் அனுப்ப நம் சர்வருக்கு அனுமதி இல்லாததால் அஞ்சல் ஸ்பாமுக்குப் போகும், அல்லது திருப்பி அனுப்பப்படும். அனுப்புநராகத் தளத்தின் சொந்த முகவரியையும், பதில் முகவரியாகப் பார்வையாளருடையதையும் வைத்து, அஞ்சல் சர்வரில் உள்நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி முறையில் அனுப்ப வேண்டும்.

தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் (https) சான்றிதழை இலவசமாகத் தரும் அமைப்பு லெட்ஸ் என்கிரிப்ட். அதன் சான்றிதழ் வழக்கமாக 90 நாள்தான் செல்லும். தானாகப் புதுப்பிக்க அமைத்திருந்தாலும், சர்வரில் சாதாரண http இணைப்பு வரும் 80-ஆம் போர்ட்டை மூடினாலோ டொமைனை வேறு சர்வருக்குத் திருப்பினாலோ புதுப்பித்தல் நின்றுபோகலாம். காலாவதி பற்றி மின்னஞ்சலில் எச்சரிப்பதை அந்த அமைப்பு 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. கண்காணிப்பை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்க்ஸ்கேப்பில் வரைந்த லோகோவை அனுப்பும் முன் எழுத்துகளைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் லோகோ வேறு முகத்தோடு திறக்கும். மாற்றாத மூலக் கோப்பு தனியாக உங்களிடம் இருக்கட்டும். படங்களில், பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று கண்டதும் எடுத்துவிடக் கூடாது. வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற நிபந்தனை இருந்தால் கடைக்காரரின் தளத்தில் அதைப் போட முடியாது. காசுக்கு விற்கும் பிளகின்களின் ‘இலவச’ திருட்டுப் பிரதிகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் ஹேக்கர்கள் நுழையப் பின்கதவு வைத்திருப்பது சகஜம், அப்டேட்டும் வராது.

டொமைனும், தளத்தை வைக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங்கும் வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில்தான் பதிவாக வேண்டும். நம் பெயரில் வாங்கிக் கொடுப்பது முதல் நாளில் சுலபம். பிறகு புதுப்பிப்புக் கட்டணம், உரிமைச் சண்டை எல்லாம் நம் வாசலுக்கு வரும். இணையதள வடிவமைப்பு பற்றிய சுயதொழில் கட்டுரையை அடுத்து வெளியிடும்போது, ஒரு மாதிரி பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திறந்த மூல மென்பொருளில் தொழில் செய்யும் இணைய வடிவமைப்பாளர்கள்