குஸ்ரூவின் முகம், பிஸ்மில்லாஹ்வின் ஓரம்: காப்பாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்களில் விளக்க அட்டை எழுதும் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் எழுதிய அட்டையின் முன் சென்ற மாதம் நெடுநேரம் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு வெள்ளிக்காசு, தகடுபோல் மெலிதாக. ‘சாசானியக் காசு, இரண்டாம் குஸ்ரூ’ என்றது அட்டை; அதாவது, இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானிய வம்சத்தின் அரசர். சிறகு வைத்த மகுடத்தோடு இருந்தவர் குஸ்ரூதான், மறுக்கவில்லை. ஆனால் வட்டத்துக்கு வெளியே, கீழ் வலது ஓரத்தில், பொடி அரபி எழுத்தில் ‘பிஸ்மில்லாஹ்’ (அல்லாஹ்வின் பெயரால்) என்றிருக்கிறதே! குஸ்ரூ 628-இல் கொல்லப்பட்டவர். அரபுப் படைகள் ஈரானை வென்றது அதற்குப் பிறகு. ஆக, முகம் அவருடையது, காசை அடித்தவர்கள் வென்ற அரபுகள்.

வென்றவர்கள் காசு அடிக்கும் அக்கசாலைகளை மூடவில்லை. ஏறக்குறைய நான்கு கிராம் எடையுள்ள அந்தக் காசுக்குச் சந்தை பழகியிருந்தது, அதையே அடித்தார்கள். அரபு ஆளுநர்களின் பெயர்களும் பெரும்பாலும் பழைய பாரசீக மொழிக்கான பஹ்லவி எழுத்தில்தான். ஈரானின் தாராப்கிர்து நகரில் அடித்த ஒரு காசில் கலீஃபா முஆவியாவுக்கு ‘நம்பிக்கையாளர்களின் தலைவர்’ என்ற பட்டமே பாரசீகத்தில் இருக்கிறது. காசைத் திருப்பினால் ஈரானின் பழைய சமயமான சரதுஷ்டிர சமயத்தின் நெருப்புப் பீடம், இருபுறமும் இரு காவலர். (பஹ்லவியை வாசிப்பது பெரும்பாடு என்பது எனக்கும் தெரியும். ஒரே கீற்று வ, ந, ர என மூன்றாகவும் நிற்கும்.)

அதைவிடப் பெரிய வம்பு ஆண்டுக்கணக்கு. காசில் ‘20’ என்றிருந்தால் உடனே ஹிஜ்ரி 20 என்று முடிவுகட்டி 641 என்று போட்டுவிடாதீர்கள். அது கடைசி சாசானிய அரசர் யஸ்தகிர்து அரியணை ஏறிய 632-இலிருந்து எண்ணிய கணக்கானால் 651. அவர் இறந்த 651-இலிருந்து எண்ணியதானால் 671. இந்த மூன்று கணக்குகளும் புழக்கத்தில் இருந்தன. எதன்படி எழுதினீர்கள் என்று அட்டையில் ஒரு சொல் சேர்த்தால் போதும்.

‘நகல்’ என்றும் எழுதாதீர்கள். ஈரானின் பிஷாப்பூர் நகரில் ஹிஜ்ரி 66-இல் அடித்த காசில், அதே குஸ்ரூ முகத்தைச் சுற்றி ‘முஹம்மது அல்லாஹ்வின் தூதர்’ என்ற வாசகம் ஏறிவிட்டது. நகலெடுப்பவன் செய்கிற வேலையா இது? ஹிஜ்ரி 79-இல் கலீஃபா அப்துல் மலிக் உருவங்களை நீக்கி எழுத்து மட்டுமே கொண்ட திர்ஹம் என்ற வெள்ளிக்காசைக் கொண்டுவந்தார். எடையும் மூன்று கிராமுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. அப்போதும் காஸ்பியன் கடலோரத் தபரிஸ்தானில் பழைய உருவக் காசு எட்டாம் நூற்றாண்டின் கடைசிவரை நீடித்தது.

அடுத்த முறை அட்டை மாற்றும்போது பெட்டிக்குள் காசுக்கு அடியில் ஒரு சிறு கண்ணாடியும் வையுங்கள். நெருப்புப் பீடத்தைப் பார்க்க நான் மறுபடி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓரம் வாசிக்கும் ஒரு பார்வையாளர்