வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பசிபிக் தீவுகளில் பரவி வாழும் பாலினேசியர்களின் கடலோட்டத்தை மட்டுமே இவ்வாண்டு முழுவதும் படித்தோம். ஒரே பொருளா என்று முதலில் முணுமுணுத்தவர்களே ஒரு கூட்டம்கூடத் தவறவிடவில்லை.

முதல் கூட்டத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வழங்கினோம். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அந்தக் கிழங்கு, ஐரோப்பியர் பசிபிக்கில் கால் வைக்கும் முன்பே பாலினேசியாவின் குக் தீவுகளில் ஒன்றான மாங்கையாவில் இருந்தது. கரிந்த துண்டுகள் அங்கே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. மனிதர் குடியேறுவதற்கு முன்பே அது தானாகப் பரவியது என்கிறது 2018இல் வந்த ஓர் ஆய்வு. நியூசிலாந்தின் பாலினேசியர்களான மாவோரிகள் அதைக் குமரா என்கிறார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியின் கெச்சுவா மொழியிலும் அதையொத்த பெயர் உண்டு. "கிழங்கு மிதந்து போகும், பெயருமா மிதந்து போகும்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். என் மனத்திலும் அதுதான் இருந்தது.

2020இல் 807 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், கி.பி. 1200 வாக்கில் பாலினேசியரும் இன்றைய கொலம்பியப் பகுதி மக்களும் கலந்ததாகக் கண்டார்கள். யார் யாரிடம் போனார்கள் என்பதில்தான் வாதம் சூடுபிடித்தது. தென் அமெரிக்கர்களே பாலினேசியாவுக்குப் போனார்கள் என்று வாதிட்டு, 1947இல் பெருவிலிருந்து கோன்-டிக்கி தெப்பத்தில் 101 நாள் மிதந்து பாலினேசியாவின் ரரோயா பவளத் தீவை அடைந்த நார்வேக்காரர் ஹெயர்டாலின் துணிவை மதிக்கிறேன். ஆனாலும் போய்த் திரும்பும் பழக்கம் உள்ளவர்கள் பாலினேசியர்கள்; அவர்களே போயிருப்பார்கள் என்பது என் கருத்து.

மறக்க முடியாதது ஹொகுலேயா என்ற பாய்க்கலம் பற்றிய கூட்டம். 1976இல் அந்த இரட்டை ஓடக் கலத்தைச் மைக்ரோனேசியாவின் சதாவல் தீவைச் சேர்ந்த மாலுமி மாவ் பியாலுக், திசை காட்டும் கருவி எதுவுமின்றி ஹவாயிலிருந்து தஹிதிக்கு ஓட்டிச் சென்றார். விண்மீன் மறைந்த இரவுகளில் கலத்துக்குள் படுத்து, உடலில் அலை மோதும் திசையை உணர்ந்து வழி கண்டவர் அவர். இதை நான் வாசித்ததும், கட்டுமரத்தில் தொழில் செய்த நம் மூத்த உறுப்பினர் எழுந்து, உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து மெல்ல அசைத்து, வாடைக்காற்றின் அலையையும் சோழகத்தின் அலையையும் பிரித்துக் காட்டினார். அவ்வகைக் கலங்களை உலகம் இன்று 'கேட்டமரன்' என்று அழைப்பதும் நம் கட்டுமரம் என்ற சொல்லால்தான். நம்முடையது சேர்த்துக் கட்டிய மரங்கள், அவர்களுடையது இணைத்துக் கட்டிய இரண்டு ஓடங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த ஆண்டின் முதல் கூட்டத்துக்கு, 1769இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஏறிய, ராயதேயா தீவின் பாலினேசிய மாலுமி துபாயாவையும் அவர் சொல்ல வரைந்த தீவுகளின் வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளச் செயற்குழு முடிவு செய்துள்ளது.

செயலாளர்