அண்ணனுக்கு வந்தது என்பதால் சொல்கிறேன்

சேலம், அம்மாப்பேட்டை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மிளகு நல்ல விலைக்குப் போனதும், பெரியவளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததும் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கடைசியில், டாக்டர் கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எடுக்கச் சொன்னார், காப்பி அறுவடை முடிந்து பணம் வரட்டும் என்று விட்டுவிட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். மனசு அங்கேயே நின்றுவிட்டது.

அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது 51. ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து, துத்திக் கீரையும் கருணைக்கிழங்குமாக எத்தனை மாதம் ஓட்டினார்! கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தால் 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்போ, எது முந்தியோ அப்போதே நாம் பார்க்கத் தொடங்க வேண்டும். உனக்கு இப்போது 47.

தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்த காப்பிச் செடியை நீ தண்டைத் தடவியே கண்டுபிடித்துப் பிடுங்கிவிடுவாய். குடலைத் தடவிப் பார்க்க முடியாதே. உள்ளே பாலிப் என்கிற சின்னச் சதை வளரும். எல்லாம் புற்றாகாது, ஆகிறதற்கும் பெரும்பாலும் பத்து வருஷம் போல ஆகும். கேமரா போகும்போதே பெரும்பாலானவற்றை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வருமுன்னே தடுக்கிற வழி இது.

மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் பரிசோதனைக்குச் செலவு குறைவு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்கள் 45 வயதுக்கு மேல் வருஷாவருஷம் அதைச் செய்யலாம். தங்கச்சிக்கு, அதுதான் உன் மனைவிக்கு, அது போதும். உனக்குப் போதாது, டாக்டர் சொன்னதையே செய். நம் அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் புற்றுகளுக்குத்தான் தேடி வந்து பார்க்கிறார்கள். குடலுக்கு நாமேதான் போய்க் கேட்க வேண்டும்.

சரி, பணம். தனியாரிடம் கேட்ட தொகையை வைத்துத்தானே பயப்படுகிறாய்? முதலில் நம் மோகன் குமாரமங்கலம் ஜி.எச்.சுக்கு வா. டாக்டர் எழுதிய சீட்டையும் அண்ணனின் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வா. குடும்பத்தில் இருந்தது என்பதை முதலிலேயே சொல். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் வி.ஏ.ஓ.விடம் சான்றுக்குச் சொல்லி வை. பிறகு சிகிச்சை என்று ஏதாவது வந்தாலும் அது கைகொடுக்கும். தனியார்தான் என்றால், சொல்கிற தொகையில் மயக்க மருந்து, பாலிப் எடுப்பது, பயாப்சி (சதையை எடுத்துச் சோதிப்பது) எல்லாம் சேர்த்தியா என்று எழுதி வாங்கு. இல்லாவிட்டால் பிறகு தனித்தனி பில்லாக வரும். அப்புறம், நீ கட்டுகிற பாலிசியை நம்பி உட்காராதே. தொந்தரவு எதுவும் இல்லாமல் பரிசோதனைக்கு மட்டும் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள்.

அண்ணனின் கீமோவுக்கு மேல்தோட்டம் போனது. அதில் பாதியாவது முன்னாலேயே பார்த்திருந்தால் மிஞ்சியிருக்கும் என்று நீதான் அழுதாய்.

முந்தின நாளே கிளம்பி வந்துவிடு. குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் பேதி மருந்தைக் குடித்துவிட்டு மலையிலிருந்து பஸ்ஸில் இறங்க முடியாது. இங்கே கீழ் அறையில் பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கிறது. தங்கச்சியையும் கூட்டி வா. மயக்கம் கொடுப்பதால் அன்று நீ வண்டி ஓட்டக் கூடாது, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நிச்சயமாகக் கூடாது. இரவு தங்கி மறுநாள் போகலாம். எந்த வாரம் தோதுப்படும் என்று போன் பண்ணு, ஓ.பி. சீட்டுக்குக் காலையில் நானே வரிசையில் நிற்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்